எண் இறங்கிய நாட்கள்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி முடிந்த கையோடு பிடித்த மழை இன்னும் விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. செண்பகாவின் சேலைகள் கூடத்துக் கொடியில் மின்விசிறிக்கு அடியில் ஆடிக்கொண்டிருக்கின்றன. வளைகாப்பு முடிந்து அவளைத் தூத்துக்குடியிலிருந்து அழைத்து வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. என் கணவரின் ஒரே தங்கை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. எட்டாம் மாதம் நடக்கிறது. அவள் வந்ததிலிருந்து நான் சமைக்கும் எதற்கும் உப்பு சரியில்லை.

"மதினி, லேப்ல இப்படித்தான் அளந்து அளந்து போடுவியளா? ஒரு கல்லு கூடப் போட்டா செத்தா போயிரும்?" என்கிறாள். அத்தை சிரிக்கிறாள். மாமியார் சிரித்தால் மருமகளும் சிரித்துவிட வேண்டும். அதுதான் வீட்டுக்கு நல்லது.

எனக்கு வேலை பாளையங்கோட்டைக்கு வெளியே உள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். மனிதக் கல்லீரல் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றில் டெங்கு வைரஸை விட்டு, அவை எப்படிச் சாகின்றன என்று அளக்கிறேன். பக்கத்து வீட்டில் என்னை டாக்டர் என்று சொல்கிறார்கள். முனைவர் பட்டத்துக்கும் ஊசி போடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எங்கள் திட்டம் மார்ச்சோடு முடிகிறது. கட்டுரை வெளியானால்தான் நீட்டிப்பு என்று திட்டத் தலைவி மேடம் சொல்லிவிட்டார். கடைசிச் சோதனையின் வரைபடம் பதினெட்டாம் தேதி அவர் மேசையில் இருக்க வேண்டும்.

நவம்பர் 7, வியாழன்

செண்பகா இன்றும் வாந்தி எடுத்தாள். எட்டாம் மாதத்தில் எதற்கு வாந்தி என்றாள் அத்தை. தீபாவளிப் பலகாரம் என்றேன் நான்.

நவம்பர் 9, சனி

காலையில் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்தவள் அப்படியே நின்றாள். "மதினி, எனக்குக் காமாலைக் கண்ணா, இல்ல இந்தப் பல்பே மஞ்சளா?" என்றாள். வாசலுக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தேன். பல்பு மேல் தப்பில்லை.

இரண்டு தெரு தள்ளி இருக்கிற நர்சிங் ஹோமில் சேர்த்தாயிற்று. மாலையில் ரத்தப் பரிசோதனை வந்தது. ஹெபடைடிஸ் ஈ. தண்ணீரில் வரும் வைரஸ். போன மாதம் பெய்த மழைக்கு எந்தக் குழாயில் எந்தச் சாக்கடை கலந்ததோ தெரியாது. தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் காமாலை இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

எஸ்.ஜி.பி.டி. என்ற எண் இரண்டாயிரத்து எண்ணூறு. நாற்பது, ஐம்பதுக்குள் இருக்க வேண்டியது. இவர், என் கணவர் குற்றாலநாதன், தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன எண் ஆவுடை?" என்று கேட்டார். கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி, செல் செத்தால் ரத்தத்தில் கொட்டும், எண் இறங்கினால் நல்லது என்று சொன்னேன். எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மற்றவர்களுக்கு இந்தக் காமாலை சில வாரத்தில் தானே போய்விடும். நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளுக்கு அப்படியல்ல. நாலைந்து பேரில் ஒருத்தி பிழைப்பதில்லை என்று படித்த ஞாபகம். அதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

செண்பகாவின் கணவன் சங்கரலிங்கம் தூத்துக்குடியிலிருந்து வந்துவிட்டான். துறைமுகத்தில் வேலை. வாய் செத்த பிள்ளை. அவன் அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஃபிளாஸ்க்கில் கொடுத்துவிட்டிருக்கிறாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் அத்தை கதவுக்குக் காவல் நிற்க, செண்பகா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வாய் மோர் என்ன செய்துவிடும்.

பிறகு கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "மதினி, எனக்குள்ள இப்ப என்னதான் நடக்கு?"

இதைக் கேட்பதற்கு வீட்டில் இதுவரை ஆள் இருந்ததில்லை. உட்கார்ந்து சொன்னேன். வைரஸ் உள்ளே புகுந்தால் செல்லுக்குத் தெரிந்துவிடும். தன்னுடையதல்லாத ஒரு இழை உள்ளே கிடப்பதை மோப்பம் பிடிக்கிற புரதங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அவை ஒன்றைத் தட்டி எழுப்பும், அது இன்னொன்றை எழுப்பும், கடைசியில் வெட்டுகிற நொதிகள் கிளம்பி, செல்லை உள்ளிருந்தே நறுக்கிவிடும். செல் சுருங்கும். அப்பளம் பொரிவதுபோல மேலெல்லாம் கொப்புளம் எழும்பும். பிறகு சின்னச் சின்னப் பொட்டலமாக உடையும், பக்கத்தில் இருப்பவை விழுங்கிவிடும். வைரஸ் பெருகி அடுத்த செல்லுக்குப் போவதற்குள் தன்னையே முடித்துக்கொள்வது. இப்படிச் சாவதற்கான திட்டம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முதலிலேயே இருக்கிறது.

"ஒரு குடிசை பத்திக்கிட்டா பக்கத்துக் கூரையப் பிடுங்கிப் போடுவாங்கல்லா. அது மாதிரியாக்கா?" என்றான் சங்கரலிங்கம். அவன் பேசியதே ஆச்சரியம்.

"அதேதான் தம்பி. ஆனா செண்பகாக்கு வந்திருக்கது இன்னும் கொஞ்சம் வேற. இந்த வைரஸ் தானா செல்லக் கொல்லுறது கம்மி. காவலுக்கு வார வெள்ளையணு இருக்கில்லா, அதுதான் வந்து, உனக்குள்ள திருடன் இருக்கான், நீ செத்துருன்னு உத்தரவு போடும். செல்லும் கேட்டுக்கிடும்."

"அப்போ வந்தவன் கொல்லல. நம்ம ஆளுதான் கொல்லுதான்," என்றாள் செண்பகா.

"உன்னக் காப்பாத்தத்தானட்டி."

"எத்தன கூரையப் பிடுங்குவான்? தெருவே இல்லாமப் போயிட்டா?"

கல்லீரல் வளரும், பாதியை வெட்டி எடுத்தாலும் வளர்ந்துவிடும் என்று சொன்னேன். அது உண்மைதான். அவளுக்குத் திருப்தி. வயிற்றைத் தடவிக்கொண்டு, "கேட்டியா, வளருமாம்," என்று உள்ளே இருப்பதிடம் சொன்னாள். நான் சொன்னால் இவள் நம்பிவிடுகிறாள், உப்பைத் தவிர.

நவம்பர் 12, செவ்வாய்

காலையில் தட்டுகளில் வைரஸ் விட்டேன். இனி மூன்று நாள், ஒவ்வொரு நாளும் திரவத்தை எடுத்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். எடுத்த திரவத்தில் நொதி எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று அளந்தால் அன்றைக்கு எவ்வளவு சாவு என்று தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி அளவு. ஜெபமலர் கூட இருக்கிறாள். நான் சேர்ந்த அன்றே வேலையில் சேர்ந்தவள். கைவேலையில் என்னைவிடச் சுத்தம், ஆனால் எனக்கு என் தட்டை நானே தொட வேண்டும். பழக்கம்.

மாலையில் நர்சிங் ஹோம். எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்து ஐநூறுக்கு இறங்கியிருக்கிறது. அத்தை தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மஞ்சள் மட்டும் கூடியிருக்கிறது. அது எப்போதும் பின்னால்தான் இறங்கும். ரத்தம் உறையும் நேரமும் கூடியிருக்கிறது. ரத்தத்தைச் சரியாக எடுத்திருக்க மாட்டார்கள். சிறிய இடங்களில் இது சகஜம்.

டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டார். "லெவல் இறங்குது, நல்லதுதான். உறையுற நேரம்தான் கொஞ்சம் இடிக்குது. மதுரைக்குக் கொண்டு போகணும்னா எழுதித் தாரேன், அங்க கல்லீரலுக்குன்னே ஆள் இருக்காங்க. ரெண்டு நாள் பாக்கலாம்னாலும் பாக்கலாம். மேடம் அந்த லைன்லயே இருக்காங்க. நீங்களே சொல்லுங்க மேடம்."

அத்தை, இவர், சங்கரலிங்கம் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போதுகூட என்னை இப்படிப் பார்த்ததில்லை.

எட்டு மாதக்காரியை இந்த மழையில் மூன்று மணி நேரம் குலுக்கிக்கொண்டு போவதா? போனால் நானும் கூடப் போக வேண்டும். அங்கே பேச வேறு யாருக்குத் தெரியும்? எண் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்றேன்.

வெள்ளி என்று ஏன் சொன்னேனோ, வாயில் வந்தது.

இவர் உடனே, "சரி, ஆவுடை சொன்னா சரிதான்," என்றார்.

நவம்பர் 13, புதன்

வேலைக்குப் போகும் வழியில் இட்லி கொண்டுபோனேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றாள். பிரஷ் முரடு, வேறு வாங்கிக் கொடுத்தேன். ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குகிறாளாம். கர்ப்பிணிக்கு ராத்திரி தூக்கம் ஏது? பகலிலாவது தூங்கட்டும்.

"மதினி, மழை விட்டுட்டா?" என்று கேட்டாள். விடவில்லை என்றேன். தலை வாரிவிட்டேன். பின்னலை முடிப்பதற்குள், "மதினி, மழை விட்டுட்டா?" என்றாள். விடவில்லை என்றேன். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மறுபடியும் கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்து, "விட்டுட்டுட்டி," என்றேன். "அப்ப சேல காஞ்சிருக்கும்," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

என் கல்யாணத்தில் இவர் ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டு முடிச்சையும் போட்டவள் இவள்தான். அப்போது பத்தாம் வகுப்பு. நாத்தனார் முடிச்சு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, என் பின்கழுத்து முடியையும் சேர்த்து இறுக்கிவிட்டாள். தாலியோடு கண்ணீர் விட்ட பெண்ணைப் பார்த்து ஊரே நெகிழ்ந்துபோனது. முடி இழுத்த வலி என்று அவளுக்கு மட்டும் தெரியும். அன்றிலிருந்து இருவருக்கும் ஆகாது, ஆனாலும் ஆகும்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக இந்த வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்த அன்று எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதப் போவதில்லை.

முதல் நாள் அளவு முடிந்தது. நொதி ஏறத் தொடங்கியிருக்கிறது. செல்கள் நன்றாகச் சாகின்றன. மேடத்துக்குச் சந்தோஷம்.

நவம்பர் 14, வியாழன்

தட்டுகளில் இரண்டாம் நாள் நொதி மளமளவென்று ஏறியிருக்கிறது. செண்பகாவின் எண் எண்ணூறு. அத்தை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். எனக்கும் ஒரு சில்லு.

நவம்பர் 15, வெள்ளி

காலையில் மூன்றாம் நாள் திரவத்தை எடுத்து அளந்தோம். ஜெபமலர் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஆவுடை, இங்க பாரேன். இன்னிக்கு அப்படியே இறங்கிட்டு. முதல் நாள் அளவுக்கு வந்துட்டு. செல்லு தேறிக்கிட்டு போல."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "தேறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாவுறதுக்கு ஆள் இருந்தால்லா எண் ஏறும். தட்டத் தூக்கி மைக்ராஸ்கோப்புல வையி."

வைத்தாள். நான் குனிந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருந்த தட்டு வெறும் பிளாஸ்டிக்காகக் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. மீதியெல்லாம் நேற்றே செத்து, நேற்றைய திரவத்தோடு போய்விட்டன.

ஜெபமலர் ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. கையுறையோடு போனை எடுத்தேன்.

இவர் எடுத்ததும், "இன்னிக்கு நானூத்துச் சொச்சம் ஆவுடை. இப்பத்தான் தாள் வந்தது," என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"உடனே ஆம்புலன்ஸ் சொல்லி மதுரைக்குக் கிளம்புங்க. நான் பைபாஸ்ல வந்து ஏறிக்கிடுதேன்."

"ஏன், இறங்கிட்டுத்தான..."

"கிளம்புங்க."

தட்டுகள் பாதியில் கிடந்தன. சாயம் ஏற்றுவது, படம் எடுப்பது எல்லாம் பாக்கி. ஜெபமலர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் பாத்துக்கிடுதேன், நீ போ," என்றாள். அவ்வளவுதான். அதைச் சொல்ல அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

நவம்பர் 16, சனி. மதுரை

வண்டியில் என் மடியில் தலை வைத்துத்தான் வந்தாள். கோவில்பட்டி தாண்டியதும் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். சாத்தூருக்கு அப்புறம் கூப்பிடவில்லை.

கல்லீரல் அநேகமாக இல்லை என்கிறார்கள். மூளையில் வீக்கம். வேறு கல்லீரல் வைக்கக்கூடிய கட்டம் தாண்டிவிட்டதாம். சங்கரலிங்கம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு, "என்னுதுல எவ்வளவு வேணும்னாலும் எடுங்க," என்று அந்தப் பெரிய டாக்டருக்கு முன்னால் நின்றான். அவர் அவன் தோளைத் தொட்டார். பொத்தானை மறுபடியும் போடத் தெரியாமல் நின்றவனுக்கு நான்தான் போட்டுவிட்டேன்.

மதியம் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கை அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அழுதது. நல்ல குரல். ரத்தம் நிற்காமல் போனது தாய்க்கு.

இவர் டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருவரும் நிற்பது தெரிந்தது. இவர் ஏதோ கேட்க, டாக்டர் நர்சிங் ஹோம் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் வெகுநேரம் தலையைக் குனிந்தபடி கேட்டார். வெளியே வந்து முகம் கழுவினார். கான்டீனுக்குப் போய் எனக்குக் காப்பி வாங்கி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. குடி, ஆறிப் போவுது."

நவம்பர் 18, திங்கள்

செண்பகா காலையில் போய்விட்டாள்.

நவம்பர் 21, வியாழன். தூத்துக்குடி

புருஷன் வீட்டு மண்ணில்தான் எல்லாம். தாலி கட்டியவன் இருக்கப் போனவள் என்று மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கூறைப்புடவை சுற்றி அனுப்பினார்கள். ஏற்கெனவே மஞ்சளாக இருந்தவளுக்கு இன்னும் மஞ்சள். பார்க்க முடியவில்லை. நான் அழுதேன். அழுதது எல்லோரும் அழுததுபோல இல்லை என்று எனக்கே தெரிந்தது, ஆனால் அழுகையின் மேல் இன்ன அழுகை என்று எழுதி ஒட்டியிருப்பதில்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அத்தை ஒரே கதையைச் சொல்கிறாள். இன்று சங்கரலிங்கத்தின் பெரியம்மாவிடம் சொன்னாள்.

"டாக்டரே நல்லாருக்குன்னு சொல்லுதாரு. எண்ணும் இறங்கிட்டு. எங்க ஆவுடை ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, கெளம்புங்கன்னு ஒத்த வார்த்தைதான் சொன்னா. எப்படித் தெரிஞ்சதோ அவளுக்கு. அவ மட்டும் சொல்லலன்னா இந்தப் பச்ச மண்ணும்லா போயிருக்கும். படிச்ச மருமக வேணும்னு சொல்லுவேன்லா, இதுக்குத்தான்."

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. "அதெல்லாம் இல்லத்தே," என்றேன். அடக்கமான பிள்ளை என்றாள் பெரியம்மா.

இவர் வந்தவர்களுக்குப் பாய் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அத்தை சொன்னது அவர் காதில் விழுந்தது. பாயை விரித்து, சுருண்ட ஓரத்தைக் காலால் நீவிவிட்டுப் போனார்.

நவம்பர் 23, சனி

இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அத்தை குழந்தைக்கு என்று பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

வேலைக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. தேநீர் மட்டும் இரண்டு தடவை கொண்டுவந்து வைத்தார்கள்.

என் தட்டுகளை ஜெபமலர் அன்றைக்கே முடித்து, படமும் எடுத்து வைத்திருந்தாள். குறை சொல்ல இடமில்லை. நான் எடுத்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் எண் ஏன் இறங்குகிறது என்று படிப்பவர்கள் குழம்புவார்கள், ஒரு வாக்கியம் எழுதிச் சேர்த்துவிடு என்றார்.

எழுதினேன். "மூன்றாம் நாள் நொதி அளவு குறைந்தது செல்கள் மீண்டதைக் காட்டவில்லை, இறப்பதற்குச் செல்கள் மிஞ்சாததையே காட்டுகிறது." ஆங்கிலத்தில் இன்னும் அழகாக இருந்தது. மேடம் ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று அச்சுக்கு அனுப்பியாயிற்று. வீட்டில் மூன்று பேருக்குச் சொல்ல வாய் வரவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம் என்று நான் ஏன் சொன்னேன் என்று இவர் கேட்டால், மழை, குலுங்கல், எட்டு மாதம் என்று பதில் வைத்திருக்கிறேன். மூன்றும் உண்மை. தினமும் சோறு போடும்போது கேட்பார் என்று நினைக்கிறேன். "மோர் இருக்கா?" என்று கேட்கிறார்.

டிசம்பர் 3, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம். சங்கரலிங்கம் மொட்டையடித்துக்கொண்டு நின்றபோது பள்ளிக்கூடத்துப் பையன்போல இருந்தான். பிள்ளையை எங்களிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். "அக்கா பாத்துக்கிட்டா எனக்குப் பயமில்ல," என்றான்.

எனக்கு அந்த வார்த்தை தாங்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக் காலைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

நேற்று மதுரையிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்தோம். இரண்டு கிலோவை எட்டிவிட்டது. இரண்டு மணிக்கொரு தடவை பால். பாட்டில்களைக் கொதிக்க வைப்பது, ஈரத் துணி மாற்றுவது என்று வீடே அதைச் சுற்றி ஓடுகிறது. மழை விட்டு வெயில் வந்திருக்கிறது. துணியெல்லாம் மொடமொடவென்று காய்கின்றன. பிள்ளையின் தலைமுடியில் பால் வாசம். முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம்போல இருக்கிறது. புதைத்துக்கொண்டும் இருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. இதைவிடக் கேவலமான சந்தோஷம் யாருக்கும் வாய்த்திருக்காது.

தாயிடமிருந்து வைரஸ் வந்திருக்கிறதா, கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க நேற்று இங்கு வந்ததும் மறுபடியும் ரத்தம் எடுத்திருந்தார்கள். காலையில் இவர் போய் அந்தத் தாளை வாங்கி வந்தார். உறையை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். அத்தை அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பாரும்மா, எண்ணு இறங்கிருக்கா? நீ சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

வாங்கினேன். உறைக்குள் விரலை விட்டுத் தாளைப் பாதி இழுத்தும் விட்டேன். இவர் வந்தார். அவசரமில்லாமல், என் கையிலிருந்து அதை எடுத்து, உள்ளே தள்ளி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"டாக்டரு பாக்கட்டும்," என்றார்.

கோபமில்லை. குரல்கூட உயரவில்லை. அத்தை, "அவளுக்குத் தெரியாததா?" என்றாள். இவர் தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி, கழுத்துக்கு அணை கொடுத்து, என் மடியில் வைத்தார். "பால் நேரமாச்சு பாரு," என்றார். பிறகு மறுபடியும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவருக்குத் தெரியும். மதுரையிலேயே, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நின்றபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் காப்பி வாங்கி வந்தார். தெரிந்துகொண்டுதான் அத்தை என்னைப் புகழும்போதெல்லாம் பாயை விரித்துக்கொண்டிருந்தார். நான் யோசித்து வைத்திருந்த பதிலை அவர் கேட்கவே போவதில்லை.

பிள்ளை குடித்துவிட்டுத் தூங்குகிறது. அவர் இன்னும் திரும்பவில்லை. வந்ததும் எண் என்ன என்று அத்தை கேட்பாள், அவர் அத்தையைப் பார்த்துச் சொல்லுவார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன்.